முருகனையும் விடேல்லை, டொக்டரையும் விடேல்லை

சுவிசில் ஒல்ற்றன் நகரப் பக்கத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், மருத்துவம் படிப்பவர்களும் தாதியராக வேலைசெய்பவர்களுமாக, ஒருநாள் என்னைத் தொலைபேசியில் பிடித்து, “அன்ரி, ஒருக்கால் வந்து உங்கடை வேலை அனுபவத்தைக் கதையுங்கோ” என்றார்கள். அவர்களில் ஒருத்தி நான் பேசிய கூட்டம் எதற்கோ முன்பு வந்திருக்கவேண்டும். அடுத்த நாளே, “கதைக்கிறதைவிட எழுதித் தந்தால் எல்லாருக்கும் வசதி” என்று செய்தி அனுப்பிவிட்டாள். மண்டபத்துக்காரர் விளக்கை அணைத்தால்தான் நான் ஒலிவாங்கியை விடுவேன் என்பது ஊரறிந்த விஷயம். கோபமில்லை. நான் தமிழில் சிறுகதை எழுதுகிறவள், இரண்டு தொகுப்பு போட்டிருக்கிறேன். வாங்கியவர்களைவிட அன்பளிப்பாகப் பெற்றவர்கள்தான் அதிகம் என்பதால் அதைப்பற்றி மேலே கதைக்கவேண்டாம்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்மையில் முழங்கால் வலிக்காக, நான் பல வருடம் வைத்தியராக வேலைசெய்த அதே இடத்துக்கு நோயாளியாகப் போனேன். சோலோதுர்னுக்குக் கீழே, ஆரே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறது அந்தச் சிகிச்சை நிலையம். இப்போது பெரிதாக்கி, நாலைந்து வைத்தியர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு திரை. அதில் என் எண் வந்தது, பக்கத்தில் அறை எண் வந்தது, நான் எழும்பிப் போனேன். இளம் வைத்தியர் நன்றாகத்தான் பார்த்தார், மருந்தும் வேலைசெய்தது. ஆனால் நான் கதிரையிலிருந்து எழும்பியதை ஒருவரும் பார்க்கவில்லை.

டொக்டர் கெர்பர் பார்த்திருப்பார். இந்த நிலையத்தைத் தொடங்கியவர் அவர், எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். ஒவ்வொரு நோயாளியையும் தானே காத்திருக்கும் அறைக்குப் போய், பெயர் சொல்லி, கைகுலுக்கிக் கூட்டிவருவார். அதை மரியாதை என்று நான் முதலில் நினைத்தேன். மரியாதைதான், ஆனால் அது மட்டுமல்ல. எழும்பும்போது கதிரையின் கையைப் பிடிக்கிறாரா, எந்தக் காலை முதலில் வைக்கிறார், கை ஈரமாக இருக்கிறதா, வரும்வழியில் மூச்சு வாங்குகிறதா என்று எல்லாவற்றையும் அந்தச் சிறிய நடைக்குள் பார்த்துவிடுவார். அறைக்குள் வந்ததும் உட்காருவார். பேனாவைத் தொடமாட்டார். நோயாளி சொல்லி முடித்து, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று மௌனமான பிறகும் கொஞ்சம் பொறுப்பார். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் அவருக்கு வேண்டியது. “வெளியே போகும்போது கதவுப்பிடியில் கைவைத்துக்கொண்டு சொல்வதைத்தான் நாங்கள் கதிரையில் வைத்தே கேட்கவேண்டும்” என்பார்.

நான் அவரிடம் வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன், இடைக்கிடை குண்டுச்சத்தத்துக்குள். கலியாணம் முடித்தேன். சுவிசுக்கு வந்து அகதி மனுக் கொடுத்தேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் துணி மடித்தேன், பிறகு அங்கேயே பராமரிப்பு வேலைக்கு மாறினேன். சலவைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த லிஸ்பெத் என்ற பெண், இல்லத்துக்கு நோயாளிகளைப் பார்க்கவரும் கெர்பரை ஒருநாள் வழிமறித்து, “இங்கே துணி மடிக்கிறவள் ஒரு டொக்டர். எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொல்லிவிட்டாள். நான் வெட்கத்தில் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றேன். கெர்பர், “எனக்கும் சரியாகப் படவில்லை” என்றார், அவ்வளவுதான். ஜெர்மன் வகுப்பு, ஆஸ்பத்திரியில் பயிற்சி, பத்திரங்கள், திரும்பவும் பத்திரங்கள். அந்த வருடங்களில் பெரும்பாலும் நடந்தது காத்திருத்தல் என்பதால் அவற்றை இந்த வரியோடு விடுகிறேன். லிஸ்பெத் இப்போது உயிருடன் இல்லை. வருடத்தில் ஒருமுறை அவளின் கல்லறைக்குப் பூ வைக்கிறேன். என்னை டொக்டராக்கியவர்களில் அவளுக்குத்தான் முதலிடம்.

இரண்டாயிரத்து ஒன்பது வசந்தத்தில், கெர்பரின் மேற்பார்வையில் வேலை தொடங்கினேன். அந்த வசந்தத்தில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே நடந்தது இங்கே நெஞ்சுவலியாக வந்தது. தலையிடியாக, தூக்கமின்மையாக, தோள்மூட்டு உழைவாக வந்தது. ஈ.சி.ஜி. எடுத்தால் சரியாக இருக்கும், இரத்தம் எடுத்தால் சரியாக இருக்கும், மனிதர் மட்டும் சரியாக இருக்கமாட்டார். தமிழ் தெரிந்த டொக்டர் இருக்கிறா என்று கேள்விப்பட்டு தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் கெர்பர் செய்ததைச் செய்தேன். எழும்பிப் போய்க் கூட்டிவந்தேன், பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தவமணியக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். கணவர் உணவகச் சமையலறையில் வேலை. மகள் சுகன்யா இங்கே வளர்ந்து, வங்கியில் வேலைசெய்கிறாள். மூத்தவன் குகன். குடும்பத்தை இங்கே கூப்பிட அனுமதி கிடைத்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, விசா கிடைக்கவில்லை. மாமனோடு வன்னியில் தங்கினான். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. தவமணியக்கா என்னிடம் வந்தால் சீனி அளவைப்பற்றிக் கதைப்பார், காலைப்பற்றிக் கதைப்பார், குகனைப்பற்றிக் கதைக்கமாட்டார்.

சண்டை முடிந்து அடுத்த வருடம், கந்தசட்டி நேரம். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் பனிப்புகார் இறங்கினால் நாட்கணக்கில் வெயில் தெரியாது. காலையில் சோலோதுர்ன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இளம் வைத்தியர் ஒருவர் அழைத்தார். உங்கள் நோயாளி சீனி மிகவும் குறைந்து மயங்கிய நிலையில் நேற்றுக் கொண்டுவரப்பட்டார், குளுக்கோஸ் ஏற்றினோம், தெளிந்தார், தெளிந்ததும் ஊசியைத் தானே பிடுங்கிவிட்டார், சாப்பாட்டையும் தொடுவதில்லை என்றார். தற்கொலை முயற்சி என்று கருதுகிறோம், அவர் சம்மதிக்காவிட்டாலும் பிற்பகல் மனநல நிலையத்தின் பூட்டிய பகுதிக்கு மாற்றவேண்டிவரும், அதற்குமுன் குடும்ப வைத்தியரின் கருத்து எழுத்தில் வேண்டும் என்றார்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. சுகன்யாவை மொழிபெயர்க்க வைத்து அவர்கள் ஒழுங்காகத்தான் விசாரித்திருந்தார்கள். நாலு நாளாகச் சாப்பிடவில்லையா? ஓம். சாப்பிடாமலே நீரிழிவுக் குளிசை எடுத்தீர்களா? ஓம். தவறிப்போய் அல்ல, தெரிந்துதான் எடுத்தீர்களா? ஓம், தெரிந்துதான். இனிச் சாப்பிடுவீர்களா? மாட்டேன். ஒவ்வொரு பதிலும் உண்மை. மகனைக் காணாத தாய், சாப்பாட்டை நிறுத்தி, சீனியை இறக்கும் குளிசையை வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறா. நான் அவர்களின் இடத்தில் இருந்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

எனக்குக் கந்தசட்டி தெரியும் என்பதால் உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். விரதக்காரி, குளிசை எடுத்ததால் மயங்கிவிட்டா, வேறொன்றுமில்லை. கெர்பரிடம் போய் அப்படியே சொன்னேன். பத்துமணி இடைவேளை. பேனாக்கத்தியால் அப்பிளை வெட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, “விரதம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சாக விரும்பவில்லை என்பதும் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்படியென்றால் போய்க் கேளுங்கள். உங்கள் நோயாளிகளை நான் பார்க்கிறேன்.” பாதி அப்பிளை என் கையில் தந்தார். வழியில் சாப்பிட.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுகன்யா நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அன்ரி, அம்மாவைப் பூட்டி வைக்கப்போகினமாம். அது விரதம் எண்டு நான் சொல்லிப்போட்டன், அவைக்கு விளங்கேல்லை.”

“நான் கதைக்கிறன். அம்மாவுக்கு வேற யோசினை ஒண்டும் இல்லைத்தானே?”

“எனக்கும் தெரியேல்லை அன்ரி. அண்ணாவின்ரை படத்தைப் பாத்துக்கொண்டு, நான் ஏன் இருக்கிறன் எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னவ. நான் அதை டொக்டருக்கு மொழிபெயர்க்கேல்லை.”

அவளைக் கோப்பி குடிக்க அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

தவமணியக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் விபூதி. கையில் ஊசி பிடுங்கிய இடத்தில் பஞ்சு. அப்போதும் சீனி அளவு எல்லையில்தான் நின்றது. அந்தவகைக் குளிசை உடம்புக்குள் ஒருநாளுக்கு மேலும் வேலைசெய்யும், குளுக்கோஸ் ஏறாவிட்டால் திரும்பவும் மயக்கம் வரும். நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“டொக்டர், நான் ஒரு பிழையும் விடேல்லை” என்றுதான் தொடங்கினார். “குளிசை ஒருநாளும் விடக்கூடாது எண்டு உங்கடை இடத்திலை றெகுலா பெட்டியிலை எழுதி ஒட்டித் தந்தவள். விரதமெண்டாலும் நான் விடேல்லை. மிளகும் தண்ணியும், குளிசை. முருகனையும் விடேல்லை, டொக்டரையும் விடேல்லை. பிறகேன் என்னை இப்பிடிப் பாக்கினம்?”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும் சில இடங்கள் உண்டு, அது அதில் ஒன்று. றெகுலா எங்கள் நிலையத்தின் உதவியாளர், நல்ல பிள்ளை. இரண்டு பெரிய இடத்துக் கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றி உயிர்போகப் பார்த்த மனுசி என் முன்னால் பெருமையோடு இருந்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சொல்லி முடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் இருந்தேன். யன்னலுக்கு வெளியே புகாரைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்சநேரத்துக்குப் பிறகு தவமணியக்கா, “போன வருசம் பால் பழத்தோடை பிடிச்சனான். அவன் வரேல்லை. அதுதான் இந்தமுறை மிளகோடை பிடிச்சனான்” என்றார். அவர் வாயில் குகனின் கதை வந்தது அன்றுதான் முதல்முறை.

இனி நான் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். ஜெர்மன் மொழியில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், நாக்குத் தடுமாறியதில்லை. தமிழில் ஒருவரிடமும் கேட்டதில்லை. எங்களுக்குள் சாவு என்பது சண்டையில் எறிகிற சொல், இல்லாவிட்டால் வாயைப் பொத்திக்கொள்கிற சொல். மூத்த ஒருவரை, அதுவும் விரதம் இருப்பவரை, அந்த நாளில் அப்படிக் கேட்பது எவ்வளவு அபசகுனம் என்று எனக்குத் தெரியும். கேட்டேன்.

“அக்கா, சாகவேணும் எண்டு நினைக்கிறியளோ?”

அவர் என்னைப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். பதில் வர நெடுநேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க எனக்கு உண்மையாகவே தெரியாது, என்ன வரப்போகிறதென்று.

“நான் செத்தால், குகன் வந்து ஆரின்ரை கதவைத் தட்டுறது?” என்றார்.

பிறகு அழுதார். நானும் அழுதேன். வைத்தியர் அழக்கூடாது என்று படித்ததெல்லாம் அந்த அறைக்கு வெளியே நின்றுவிட்டது.

அழுது முடிந்த பிறகு ஊசிக்கு வந்தோம். குளுக்கோஸை ஏற்றவிடச் சொல்லிக் கேட்டேன். மாட்டன் என்றார். சீனித்தண்ணி உடம்புக்குள் போனால் விரதம் முறிந்துவிடும், முறிந்தால் குகன்.

“அது மருந்தக்கா.”

“சீனி எப்பிடி மருந்தாகும்? நீங்கள்தானே டொக்டர், சீனி எனக்கு நஞ்செண்டு சொன்னனீங்கள்.”

சொன்னேன்தான். எனக்கு அவரோடு வாதாடிப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குளிசை வயிற்றில் சோறு இருக்கிறதென்று நம்பி வேலைசெய்கிறது, சோறில்லாத இடத்தில் இரத்தத்தில் இருக்கும் கொஞ்சத்தையும் பிடுங்குகிறது, அதற்கு மாற்று மருந்துதான் இந்தப் போத்தல் என்று விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப, குளிசையின்ரை வேலை முடிஞ்ச உடனை இதையும் கழட்டுவியளோ?”

“ஓம். குளிசையையும் இண்டையோடை நிப்பாட்டுவம். விரதம் முடிய மற்றதைப் பாப்பம்.”

யோசித்தார். “சரி, ஏத்தச் சொல்லுங்கோ. மாற்று மருந்தெண்டால் முருகனுக்கு விளங்கும்.” தாதி வந்து ஊசியைப் போடும்போது, தானாகவே, “பால் பழம் எண்டாலும் விரதந்தானே. போன வருசமும் முருகன் கோவிச்சிருக்க மாட்டார்” என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அறிக்கை எழுதத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். இங்கேதான் எனக்குள் இருக்கும் எழுத்தாளர் எழும்பிவிட்டார். தமிழ் இந்துப் பண்பாட்டில் விரதத்தின் இடம், சூரசம்ஹாரத்தின் பொருள், தாய்மார் நேர்த்தி வைக்கும் வழக்கம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, பெருமையோடு கெர்பருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நான் ஒரு பெண்ணைப்பற்றிக் கேட்டேன். நீங்கள் எனக்கு அருங்காட்சியகம் சுற்றிக் காட்டுகிறீர்கள்” என்றார். “உங்கள் மக்கள் என்ன செய்வார்கள் என்று எழுதவேண்டாம். உங்கள் மக்களிலும் சாக விரும்புகிறவர்கள் இருப்பார்கள். இந்தப் பெண்ணிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார்?”

சொன்னேன். “அதை எழுதுங்கள்” என்றார். கடைசியில் அது அரைப்பக்கம்கூட வரவில்லை. நேரடியாகக் கேட்டேன், இப்படிப் பதில் சொன்னார், மகள் சொன்னதும் இது, குளிசையை ஏன் எடுத்தார் என்பது இது, ஊசிக்குச் சம்மதித்துவிட்டார், விரதம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் நான் பார்ப்பேன். மகள் மொழிபெயர்க்காமல் விட்ட வரியையும் அவளிடம் சொல்லிவிட்டே சேர்த்தேன். கெர்பர் கூடக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவர் அவர்களை அழைத்து, “பொறுப்பு என்னுடையது, ஆனால் கையெழுத்து அவருடையது போதும், அந்த அறையில் இருந்தவர் அவர்தான்” என்று சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் என் கையெழுத்துப் போதும் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பொறுப்பு வைத்தியர் ஒரு பெண். அறிக்கையை வாசித்துவிட்டு நேரே தவமணியக்காவிடம் வந்தார். நாளைவரை இங்கே எங்களோடு இருப்பீர்களா என்று கேட்கச்சொன்னார். தவமணியக்கா, சூரன் போருக்கு முதல் விடுவார்களா என்று கேட்கச்சொன்னார். இரண்டு பக்கமும் ஓம் என்றது. பூட்டிய பகுதி பற்றி அதற்குப்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. தாதி பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். ஆறாம் நாள் காலை வீட்டுக்கு விட்டார்கள். ஒல்ற்றன் பக்கத்துத் திரிம்பாக் கோயிலில் சூரன் போர் பார்த்து, அடுத்தநாள் விரதம் முடிக்கும் பாறணைச் சோறு சாப்பிட்டுவிட்டு, “சீனி எவ்வளவு நிக்குது எண்டு பாருங்கோ” என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் கெர்பர் வேலை முடிந்ததும் வெள்ளை வைன் போத்தல் ஒன்றைத் திறந்து, இனிமேல் தன்னை ஹான்ஸ் என்று கூப்பிடலாம், நீ என்று சொல்லலாம் என்றார். இங்கே மூத்தவர் முன்வந்து அதைத் தருவது பெரிய விஷயம். நான் நன்றி சொல்லி, கிளாஸை மோதி, பழைய மரியாதை மாறாமல், “சரி, ஹெர் டொக்டர்” என்றேன். அவர் கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறு வருடத்திலிருந்து றெகுலா தன் நாட்காட்டியில் கந்தசட்டியைக் குறித்து வைத்தாள். விரதம் தொடங்க முன்னமே நீரிழிவுக்காரரை அழைத்து, எப்படிப் பிடிக்கப்போகிறீர்கள் என்று கேட்போம். மிளகா, பால் பழமா, ஒருநேரச் சோறா. அதற்கேற்பக் குளிசையை மாற்றுவோம். நான் அரச பரீட்சையும் எழுதிச் சித்தியடைந்து, கெர்பர் ஓய்வுபெற்ற பின்னும் அங்கேயே இருந்து, போன வருடம்தான் விடைபெற்றேன். எவ்வளவோ நோயாளிகள், எவ்வளவோ நல்ல மனிதர்கள். குறைசொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

என் கடைசி வாரத்தில் தவமணியக்கா வந்தார். இப்போது தலை முழுக்க வெள்ளை. நான் எழும்பிப் போய்க் கூட்டிவந்தேன். சீனி பார்த்தோம், கால் பார்த்தோம். பிறகு, இத்தனை வருடமாக அவருடைய கதையை நான் ஒரு சிறுகதையிலும் தொடவில்லை என்றும், என்றைக்காவது எழுதலாமா என்றும் கேட்டேன்.

“அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்களெல்லே, சாகவேணுமோ எண்டு.”

“ஓம்.”

“என்னட்டை ஆரும் அப்பிடிக் கேட்டதில்லை. நீங்கள் கேக்குமட்டும் எனக்கே தெரியாது டொக்டர். யன்னலைப் பாத்துக்கொண்டு யோசிச்சனான். ஓம் எண்டும் வந்திருக்கும். பிறகுதான் கதவு ஞாபகம் வந்தது.”

நான் அவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவைப்பற்றி அவர் அன்று சொன்ன பதிலை, ஆள் யாரென்று சொல்லாமல், எத்தனையோ கூட்டங்களில், எவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்கிறேன்.

“எழுதுங்கோ” என்றார். “என்ரை பேரை மாத்துங்கோ, இவரின்ரை சொந்தக்காரர் கதைப்பினம். பிள்ளையின்ரை பேரையும் மாத்துங்கோ, அவள் வேலைசெய்யிறவள். குகன்ரை பேரை மட்டும் மாத்தாதேங்கோ. எங்கையாவது அவனைக் கண்டவை வாசிப்பினம்.”

தவமணி என்பது அவருடைய பெயர் அல்ல. சுகன்யா என்பதும் அல்ல. குகனின் பெயர் குகன்.